அம்மா எடுத்த அளவு

காலை பத்தரை மணிக்கு, வளைவு ஏணியின் இரண்டாவது கம்பியில் கால் வைக்க முடியாமல், பட்டாணி என்று எல்லாரும் கூப்பிடும் சிறுமி வயிற்றால் தொங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் மனசில்லை. அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அவளைக் கவனிக்க, ஏணி செய்த அக்காவுக்கும் தம்பிக்கும் நேரமில்லை. அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பாய்வதில் மும்முரமாக இருந்தார்கள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு நாலு வரி. குடியிருப்பின் பின்புறம் சும்மா கிடக்கும் மனையில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் போடப்போகிறார்கள். பெட்டியில் வந்திறங்கும் பிளாஸ்டிக் சாமான் போதும் என்கிறார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். இந்தப் பிள்ளைகளின் கை கால் அளவுக்கே செய்து தருகிறேன் என்கிறாள் நம் பெரியவள். இதுவரை அடுத்தவர் அலுவலகத்தில் அடுத்தவர் பெயரில் படம் வரைந்தவள், சொந்தப் பெயரில் கேட்கும் முதல் வேலை இது. மாதிரிக்கு, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிற ஒரே ஒரு வளைவு ஏணி செய்து காட்டுங்கள், சனிக்கிழமை நாலு மணிக்குப் பார்த்து முடிவெடுக்கிறோம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

படம் வரைந்தது பெரியவள். குழாயை வளைத்து வெல்டிங் அடித்தது பட்டறை வைத்திருக்கும் அவள் தம்பி சின்னவன். வீடு வீடாக ஏறி நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் அளவெடுத்தது இவர்கள் இருவருடைய அம்மா. அம்மாவுக்கு முப்பது வருடமாகப் பள்ளிச் சீருடை தைப்பதுதான் தொழில். டேப்பும் கையுமாக அவர் வந்தால் எந்தப் பிள்ளையும் தானாகவே விறைத்து நின்று கையைத் தூக்கும்.

"ஒன்பது இன்ச்சுக்கு ஒரு கம்பி வைக்கச் சொன்னா பன்னெண்டுக்கு வச்சிருக்கியா? உன்னை யாரு அவசரப்படச் சொன்னது?" என்றாள் பெரியவள்.

"நீ எப்போ ஒன்பதுன்னு சொன்னே?"

"சரி, எவ்வளவு சொன்னேனோ அவ்வளவு. நீ அதை வைக்கலை."

 சின்னவன் சட்டைப்பையிலிருந்து மடித்த வரைபடத்தை எடுத்தான். பிரித்தான். பன்னிரண்டு என்று பெரியவளின் கையெழுத்திலேயே இருந்த இடத்தில் விரலை வைத்தான். பிறகு இரும்பு டேப்பை இழுத்துக் கம்பிக்குக் கம்பி வைத்துக் காட்டினான். பன்னிரண்டு. அடுத்தது பன்னிரண்டு. அதற்கடுத்ததும் பன்னிரண்டு. தான் சரி, அக்கா தப்பு என்று நிரூபிக்கும் சந்தோஷம் அவனுக்குப் பிறந்ததிலிருந்து மூன்று நான்கு முறைதான் வாய்த்திருக்கிறது. அதை ஆற அமர அனுபவித்தான்.

"போதும், நிறுத்து. புரியுது," என்றாள் பெரியவள்.

அவளுடைய கணக்கு எளியது. ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு உள்ள உயரம், இருக்கிற பிள்ளைகளிலேயே சின்னப் பிள்ளையின் முழங்கால் உயரத்தைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்கவேண்டும். அதற்கு மேலே போனால் காலைத் தூக்கி வைக்க முடியாது. அம்மாவின் நோட்டில் சின்னப் பிள்ளை பட்டாணிதான். அவள் பெயருக்கு நேரே பதின்மூன்று என்று இருந்தது. ஒன்று போக பன்னிரண்டு. இதில் எங்கே தப்பு வரும்?

பட்டாணியை இறக்கி நிறுத்தி, டேப்பை வாங்கித் தரையிலிருந்து முழங்கால் வரை வைத்துப் பார்த்தாள். பதினொன்று.

"நேரா நில்லு கண்ணு."

"நேராதான் நிக்கிறேன்," என்றாள் பட்டாணி.

மறுபடியும் பதினொன்று. பக்கத்தில் நின்ற பையனைப் பிடித்து அளந்தாள். நோட்டில் பதினைந்து, காலில் பதின்மூன்று. இன்னொருத்தி. நோட்டில் பதினாறு, காலில் பதினான்கு. ஐந்தாவது பிள்ளைக்கு வந்தபோது டேப்பை வைப்பதற்கு முன்பே அவளுக்கு விடை தெரிந்திருந்தது.

சின்னவன்தான் முதலில் சிரித்தான். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது.

"என்னடா?"

"அக்கா, என் ஆறாவது வகுப்பு அரைக்கால்சட்டை ஞாபகம் இருக்கா?"

இருந்தது. முழங்காலைத் தாண்டி இறங்கி, இடுப்பில் கயிறு கட்டி நிறுத்திய கால்சட்டை. எட்டாவது வரை தாக்குப்பிடித்தது. அது அவனுக்குச் சரியாகப் பொருந்திய அந்த ஒரு மாதத்தில் கோடை விடுமுறை வந்துவிட்டது.

"வளர்ற பிள்ளை," என்றாள் பெரியவள் மெதுவாக.

"வளர்ற பிள்ளை," என்றான் அவனும். இரண்டு பேரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா ஒரு பிள்ளைக்குக்கூட அதன் சொந்த அளவை எழுதியதே கிடையாது. டேப் பதினொன்று காட்டினால் கை பதின்மூன்று எழுதும். யாரும் கேட்கவேண்டாம், சொல்லவேண்டாம். அடுத்த வருடமும் போட வேண்டுமே என்று விரல் தானாகவே இரண்டைக் கூட்டிவிடும். இந்த முறையும் நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் சிந்தாமல் சிதறாமல் கூட்டியிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றாகப் போகிறது. நாலு மணிக்குக் கமிட்டி வரும்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு ரெண்டு கம்பிக்கும் நடுவுல இன்னொரு கம்பி வச்சு அடிச்சுடறேன். சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிஞ்சுடும்," என்றான் சின்னவன்.

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? குட்டிங்க எல்லாக் கம்பியிலும் ஏறட்டும், பெருசுங்க ஒண்ணு விட்டு ஒண்ணு ஏறட்டும்."

"நடுவுல அஞ்சரை இன்ச் சந்து வரும். பிள்ளை காலை விட்டு உள்ளே நழுவினா உடம்பு நுழைஞ்சுடும், தலை மாட்டிக்கும். தொங்கிடும்டா." அவள் கையால் காற்றில் அளந்து காட்டினாள். "மூணரைக்குக் குறைவா இருந்தா உடம்பே நுழையாது. ஒன்பதும் அதுக்கு மேலயும் இருந்தா தலையும் வெளியே வந்துடும். நடுவுல இருக்கிறது எதுவும் கூடாது."

"இன்னைக்கு ஒரு நாளைக்கு வச்சுட்டு, நாளைக்கு அறுத்துடலாமே."

"இன்னைக்கே நாப்பது பிள்ளைங்க ஏறும்."

சின்னவன் தலையைச் சொறிந்தான். பட்டறைக்காரன் மூளை அதற்குள் வேறு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. எல்லாக் கம்பியையும் அறுத்து எடுத்துவிட்டுப் பத்து அங்குலத்துக்கு ஒன்றாக மறுபடி அடிக்க வேண்டும். பக்கத்துக்கு எட்டுக் கம்பி ஒன்பதாகும். 

"ரெண்டு பக்கமும் முடியாது. நேரம் பத்தாது," என்றான்.

"முடிஞ்ச வரைக்கும் பண்ணு. நான் பிடிச்சுக்கிறேன்."

"அம்மாகிட்ட சொல்லிட்டு வா முதல்ல."

 பெரியவள் நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். மூட்டு வலியோட நாலு மாடி ஏறி இறங்கி எடுத்திருக்காங்க. இந்த அளவு நான் எடுத்ததுன்னு கடைக்கு வர்ற அத்தனை பேர்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நோட்டை வாங்கினவ நான். ரெண்டு பிள்ளைங்களைச் சரிபார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பார்க்கலை. அதனால கேட்டா, வரைபடத்துல தப்புன்னு நான் சொல்லிக்கிறேன்."

"சொன்னா வேலை போயிடும்."

"போகட்டும்," என்றாள். போகட்டும் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்தது என்பது சின்னவனுக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவள் சாப்பாட்டு மேசையை யாரும் சாப்பிட விடாமல் படங்களால் மூடி வைத்திருப்பதை அவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்.

இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தான்.

மோட்டார் அறையிலிருந்து மின்சாரம் இழுத்தார்கள். பிள்ளைகளைச் சுவருக்கு அந்தப் பக்கம் துரத்தி, எட்டிப் பார்த்தால் கண் போய்விடும் என்று மிரட்டி வைத்தார்கள். அவன் அறுத்தான், அவள் பிடித்தாள். அவள் சாக்பீஸால் கோடு போட்டாள், அவன் அடித்தான். ஒரு கம்பிக்கு இருபது நிமிடம் என்று அவன் சொன்னது முப்பதாயிற்று. மதியம் சாப்பிடவில்லை. ஒரு தரம் பொறி தெறித்து அவள் துப்பட்டாவில் மிளகு அளவு ஓட்டை விழுந்தது.

"புதுசா?" என்று கேட்டான்.

"ஆமா."

"அம்மாகிட்ட கொடு. ரெண்டு இன்ச் பெருசா ஒட்டுப் போட்டுத் தருவாங்க."

மூன்றே முக்காலுக்கு ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்தைத் தொடக்கூட நேரமில்லை. சூடாக இருந்த ஒட்டுகளை ஈரச் சாக்கால் ஆற்றி, அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினான். பெயின்ட் அடிக்கவில்லை. பாதி பச்சை, பாதி வெறும் இரும்பு என்று ஏணி பார்க்கப் பாவமாக நின்றது. அதைவிடப் பாவமாக இவர்கள் நின்றார்கள்.

நாலு மணிக்குக் கமிட்டி வந்தது. முன்னால் தலைவி. ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ், இன்றும் வார்டுக்குள் நுழைகிறவர் மாதிரிதான் எங்கும் நுழைவார். பின்னால் செயலாளர், கையில் பளபளப்பான பிளாஸ்டிக் சாமான் விலைப்பட்டியல். செயலாளர் கெட்டவர் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எதையும் நாலு பேரைக் கேட்டுச் செய்தால் நாலு வருடம் ஆகும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான். அவர்களுக்குப் பின்னால் மற்ற நாலு உறுப்பினர்கள். கடைசியாக, கழுத்தில் தொங்கிய டேப்போடு அம்மா. பள்ளிகள் திறக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. கடையில் மலையாகக் குவிந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

பட்டாணியை ஏறச் சொன்னார்கள். திருத்திய பக்கத்தில் அவள் அணில் மாதிரி ஏறினாள். உச்சிப் பலகையில் உட்கார்ந்து எல்லாருக்கும் கையசைத்தாள். அம்மாவின் முகம் பூரித்துப்போயிற்று.

"அந்தப் பக்கமா இறங்கு பாப்பா," என்றார் செயலாளர்.

பட்டாணி திரும்பிப் பார்த்தாள். மறுபக்கத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டாள். கம்பி எட்டவில்லை. காலை மேலே இழுத்துக்கொண்டு, வந்த வழியாகவே இறங்கினாள்.

"அந்தப் பக்கம் ஆகாது. காலையிலேயே ஆகலை," என்று எல்லாருக்கும் கேட்கும்படி தகவல் சொன்னாள்.

செயலாளர் அருகே போய்ப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒரு அளவு, அந்தப் பக்கம் ஒரு அளவு. இது என்ன மேடம்?"

"முதல்ல வச்ச அளவு தப்பு சார். காலையில கண்டுபிடிச்சோம். ஒரு பக்கம்தான் மாத்த முடிஞ்சுது."

"நடுவுல இன்னொரு கம்பி வச்சிருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும். இது கூடவா தோணலை?"

"தோணுச்சு. பிள்ளைங்க தலை மாட்டும், அதனால வைக்கலை." அவள் பட்டாணியின் தலைக்கு இரண்டு பக்கமும் கையை வைத்து, எவ்வளவு சந்தில் மாட்டும் என்று காட்டினாள். தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கவனமாகப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி. முதல் அளவு யார் தப்பு?" என்றார் செயலாளர்.

"என் தப்பு. வரைபடத்துல."

சின்னவன் வாயைத் திறந்தான். பெரியவள் அவன் காலை மிதித்தாள்.

"ஒரு ஏணிக்கே அளவு தெரியலைன்னா மொத்தத் திடலையும் எப்படி நம்பிக் கொடுக்கறது? நான் முன்னாடியே சொன்னேன். பெட்டியில வர்றதுன்னா யோசிக்கவே வேண்டாம். தலைவியம்மா, கையெழுத்துப் போட்டுடலாமா?"

பெரியவள் தரையைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. இரும்புத் தூள் பட்டுவிட்டது போலத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை இன்ச் தப்பு?" என்று கேட்டார் அம்மா.

சொல்லாதே என்பது போலப் பெரியவள் தம்பியைப் பார்த்தாள்.

"சின்னவனே, உன்னைத்தான் கேட்கிறேன். எத்தனை இன்ச்?"

அம்மாவிடம் பொய் சொல்லும் திறமையைக் கடவுள் சின்னவனுக்குக் கொடுக்கவில்லை. "ரெண்டு," என்றான்.

"எல்லாக் கம்பியுமா?"

"எல்லாம்."

அம்மா கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். மூட்டைப் பிடித்துக்கொண்டு பட்டாணியின் முன்னால் மெல்ல உட்கார்ந்தார். முழங்காலில் டேப்பை வைத்தார், பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் இருந்த பூரிப்பு போயிருந்தது.

"அவ பொய் சொல்றா," என்றார். "தப்பு என்னோடது."

"அம்மா, விடுங்க."

"நீ சும்மா இரு. முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு அளவெடுக்கிறேன். வளர்ற பிள்ளைன்னு எல்லாத்துக்கும் ரெண்டு இன்ச் கூட்டித்தான் எழுதுவேன். கூட்டறேன்னு எனக்கே தெரியாது, கை எழுதிடும். இங்கேயும் எழுதியிருக்கு. ஏணிக்கு எடுக்கிறோம், சரியான அளவு வேணும்னு இவ நாலு தடவை சொன்னா. எனக்கா சொல்லித் தர்றேன்னு நான் காதுலயே வாங்கலை."  கமிட்டியைப் பார்த்துத் தொடர்ந்தார். "இவளுக்கு வேலையைக் கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா அளவு தெரியாதவன்னு மட்டும் எழுதிடாதீங்க. அளவு தெரியாதது எனக்குத்தான்."

அம்மா இதுவரை யாரிடமும், எதற்கும், தப்பு என்னுடையது என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை. சின்னவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியவள் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை கிடைக்கிறதா இல்லையா என்பதே அந்த நிமிடம் அவளுக்கு மறந்துபோனது.

தலைவி செயலாளரிடம் திரும்பினார்.

"சார், உங்க பெட்டியில வர்ற ஏணியில ரெண்டு இன்ச் தப்பா இருந்தா, காலையில கண்டுபிடிச்சு நாலு மணிக்குள்ள யார் வந்து அறுத்து ஒட்டுவாங்க?"

செயலாளர் விலைப்பட்டியலைப் புரட்டினார். அதில் அது இல்லை போலிருக்கிறது.

"வார்டுல எனக்குத் தப்பு பண்றவங்களைப் பார்த்துப் பயம் இல்லை. மறைக்கறவங்களைப் பார்த்தாதான் பயம். சுலபமா முடிக்கிற வழி இருந்தும் தலை மாட்டும்னு அதை இந்தப் பொண்ணு விட்டிருக்கு. எனக்கு அது போதும். கை தூக்கறவங்க தூக்கலாம்."

கை உயர்ந்தது. ஒன்று, மூன்று, ஐந்து. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகளும் தூக்கினார்கள். அவை செல்லாது என்று தலைவி அறிவித்தார். செயலாளர் மட்டும் தூக்கவில்லை. அவர் முகம் ஏனோ வெளுத்திருந்தது. தோற்றதால் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

"ஒரே நிபந்தனை," என்றார் தலைவி. "டெய்லரம்மா, எல்லாப் பிள்ளைங்களுக்கும் மறுபடி அளவெடுக்கணும். நீங்கதான் எடுக்கணும்."

"நானா?"

"உங்ககிட்டதான் அதுங்க ஆடாம நிக்கும்."

அங்கேயே தொடங்கினார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பட்டாணி முதல் ஆள். அம்மா டேப்பை வைத்தார், பெரியவள் நோட்டை நீட்டினாள். அம்மா பேனாவை எடுத்தார். கை ஒரு கணம் தயங்கியது. பிறகு பெரிதாக, தெளிவாகப் பதினொன்று என்று எழுதினார்.

பட்டாணி எட்டிப் பார்த்தாள். "போன தடவை பதிமூணு போட்டீங்க. நான் குறைஞ்சுட்டேனா?"

"நீ குறையலை கண்ணு. நான்தான் கூட்டிட்டேன்."

"அப்போ வளர மாட்டேனா?"

"நல்லா வளருவே. ஆனா நீ ஏறப்போறது இப்போதானே?" என்றார் அம்மா. பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கை எட்டும் உயரத்துக்காக டேப்பைப் பட்டாணியின் உள்ளங்கால் பக்கம் கொண்டுபோனபோது, வாசல் காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"செயலாளர் சார், வாசல்ல லாரி நிக்குது. நம்ம குடியிருப்புக்குத்தானாம். பிளாஸ்டிக் சறுக்கு, பிளாஸ்டிக் வீடு, அப்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு நீல யானை. எங்கே இறக்கறதுன்னு கேட்கிறாங்க."

 அடுத்த நொடி, யானை என்று ஒரு குரல் கத்தியது. வரிசை கலைந்தது. நாற்பத்து இரண்டு பிள்ளைகள் வாசலை நோக்கிப் பறந்தார்கள். நாற்பத்து மூன்றாவதான பட்டாணி, காலில் சுற்றியிருந்த டேப்பை உதறிவிட்டு எல்லாரையும் முந்தப் பார்த்தாள்.

"அக்கா," என்றான் சின்னவன், வெறிச்சோடிப்போன ஏணியைப் பார்த்துக்கொண்டே. "நம்மகிட்ட யானை இல்லையே."

தலைவி மெதுவாகச் செயலாளர் பக்கம் திரும்பினார். "கமிட்டி முடிவு பண்ணினது இப்போதான். ஆர்டர் கொடுத்தது யாரு, எப்போ?"

 செயலாளர் விலைப்பட்டியலை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

அம்மா தரையில் கிடந்த டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சொல்லிடுங்க தம்பி," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "முதல் வார்த்தை வர்ற வரைக்கும்தான் கஷ்டம். எனக்கும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."